கீடஜடியும் சடாமாஞ்சிலும்: ஒரு பூஞ்சையையும் ஒரு பூச்செடியையும் முறையாக ஒப்பிடுவது எப்படி?

பூஞ்சை ஒன்றையும் அழியும் நிலையில் உள்ள பூச்செடி ஒன்றையும் ஒப்பிடச் சொன்னால் பலரும் உடனே இரண்டு பத்தி அட்டவணை போட்டுவிடுவார்கள். இடப்பக்கம் பச்சையம் இல்லை, வலப்பக்கம் உண்டு. இடப்பக்கம் செல்சுவரில் கைட்டின், வலப்பக்கம் செல்லுலோஸ். இங்கே கிளைகோஜன், அங்கே ஸ்டார்ச். எதுவும் தப்பில்லை. ஆனால் இந்த அட்டவணை எந்தப் பூஞ்சைக்கும் எந்தச் செடிக்கும் பொருந்தும். எடுத்துக்கொண்ட இரண்டு இனங்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

ஒப்பீடு பயன்பட வேண்டுமானால் இரண்டுக்கும் ஒரே கேள்வியைப் போட வேண்டும். ‘தனி உயிர்’ என்று எதை எண்ணுகிறோம்? அது எப்போது இனம் பெருக்குகிறது? மனிதர் அதில் எதை, எந்த மாதத்தில் எடுக்கிறார்கள்? எடுத்த பிறகு மண்ணில் என்ன மிச்சம்? இந்த நான்குக்கும் விடை எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்து சேரும்.

இங்கே எடுத்துக்கொள்வது இமயமலையின் இரண்டு இனங்கள். பூஞ்சை: கீடஜடி, நேபாளத்தில் யார்சகும்பா, அறிவியல் பெயர் ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ். செடி: நம் நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் சடாமாஞ்சில், அதாவது நார்டோஸ்டாக்கிஸ் ஜடாமான்சி. இரண்டும் ஏறத்தாழ 3,000 முதல் 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள மலைப் புல்வெளிகளிலும் சரிவுகளிலும் வளர்பவை. இரண்டையும் மருந்துக்காகத் தோண்டுகிறார்கள். பல இடங்களில் தோண்டுபவர்கள் ஒரே ஊர்க்காரர்கள். இடமும் நெருக்கடியும் ஒன்றாக இருப்பதால்தான் வேறுபாடுகள் பளிச்சென்று தெரியும். வேறு ஜோடி தேர்ந்தெடுப்பதாக இருந்தாலும் இடம், நெருக்கடி இரண்டில் ஒன்றாவது பொதுவாக இருக்கட்டும். காட்டுக் காளான் ஒன்றையும் ரஃப்லீசியாவையும் பக்கத்தில் வைத்தால் ஓவியப் போட்டிக்கு உதவும், ஒப்பீட்டுக்கு உதவாது.

பெயரை முதலில் சரிசெய்யுங்கள்

பெயர் குழம்பினால் தேடிச் சேர்க்கும் தரவு பாதியாகிவிடும். கீடஜடி 1843இல் ஸ்பீரியா சைனென்சிஸ் என்று விவரிக்கப்பட்டது. 1878 முதல் கார்டிசெப்ஸ் சைனென்சிஸ். 2007இல் ஒஃபியோகார்டிசெப்ஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. இதன் பாலிலா நிலைக்கு ஹிர்சுடெல்லா சைனென்சிஸ் என்று தனிப்பெயர் இருந்தது. ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்ற விதி 2013 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த பிறகு அதற்கு இடமில்லை, ஆனால் பழைய கட்டுரைகளில் அது இன்னும் உலவுகிறது. ஆகவே நான்கு பெயரிலும் தேடுங்கள்.

சடாமாஞ்சிலுக்கு நார்டோஸ்டாக்கிஸ் கிராண்டிஃபுளோரா என்ற இணைப்பெயர் உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் பட்டியலில் தேடும்போது இதைப் போட்டால்தான் கிடைக்கும். குடும்பமும் மாறியிருக்கிறது: பழைய நூல்களில் வலேரியனேசி, இப்போது கேப்ரிஃபோலியேசி. பூஞ்சைக்கு மைக்கோபேங்க் அல்லது இண்டெக்ஸ் ஃபங்கோரம், செடிக்குக் கியூ தாவரவியல் பூங்காவின் இணையப் பட்டியல். சரிபார்க்க இவை போதும்.

மரபணு ஒப்பீடும் செய்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பூஞ்சைக்கு ஐ.டி.எஸ். பகுதியும், செடிக்கு ஆர்.பி.சி.எல்., மேட்-கே ஆகிய பசுங்கணிக மரபணுக்களும்தான் இனத்தை அடையாளம் காண வழக்கமாகப் பயன்படும் டி.என்.ஏ. பார்கோடு. இரண்டிலும் கிடைக்கும் வேறுபாட்டுச் சதவீதங்களை ஒரே வரிசையில் வைக்க முடியாது. அவை மாறும் வேகம் வேறு.

எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். சாதாரணக் காளானில் தரைக்கு மேல் தெரிவது கனியுடலம் மட்டும். கீழே பரவியிருக்கும் இழைத்தொகுதிதான் உயிர். ஒரே இழைத்தொகுதி இருபது குடைகளை விடலாம். ஆகவே காளான் குடைகளை எண்ணிச் செடிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடவே கூடாது.

கீடஜடி இந்தச் சிக்கலைக் கொஞ்சம் குறைக்கிறது. இது மண்ணுக்குள் வாழும் தித்தாரோடஸ் போன்ற அந்துப்பூச்சிகளின் புழுவைத் தாக்கும் பூஞ்சை. புழு செடிவேர்களைத் தின்று சில ஆண்டுகள் மண்ணுக்குள்ளேயே வளரும். தொற்றிய புழு சாகும் முன் தலை மேல்நோக்க, மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே வந்து நின்றுவிடுகிறது. பூஞ்சை அதன் உடலுக்குள் முழுவதும் நிரம்பித் தோலை மட்டும் விட்டுவைக்கிறது. அடுத்த வசந்தத்தில் தலையிலிருந்து பழுப்பு நிறக் குச்சி போன்ற ஒரு கனியுடலம் எழும். ஆக ஒரு புழு, பொதுவாக ஒரு கனியுடலம், ஒரு எண்ணிக்கை. அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே உயிர் மறுபடி எழாது. புழு செடியாக மாறுகிறது என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. மாறுவதில்லை, புழு செத்துவிட்டது.

எண்ண முடியாத பகுதியையும் ஒப்பீட்டில் குறித்துவையுங்கள். தொற்றியும் கனியுடலம் விடாத புழுக்கள் மண்ணுக்குள் இருக்கும். இந்தப் பூஞ்சையின் டி.என்.ஏ. மண்ணிலும் சில செடிகளின் வேரிலும்கூடக் கண்டறியப்பட்டிருக்கிறது. எண்ணிக்கைப் பத்தியின் தலைப்பில் ‘கண்ணில் பட்ட கனியுடலம்’ என்றே எழுதுங்கள். ‘மொத்தப் பூஞ்சை’ என்று எழுதாதீர்கள்.

சடாமாஞ்சிலில் சிக்கல் வேறு விதம். இது பல ஆண்டு வாழும் செடி. ஒரே மட்டநிலத்தண்டிலிருந்து பல இலைக்கொத்துகள் எழும். கொத்துகளை எண்ணுவதா, தோண்டிப் பார்த்துத் தண்டுகளை எண்ணுவதா? இனங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிட்டுச் சிவப்புப் பட்டியல் வெளியிடும் ஐ.யூ.சி.என். அமைப்பின் வழிகாட்டுதலின்படி, குளோனின் (ஒரே செடியிலிருந்து கிளைத்த தொகுதியின்) ஒரு கிளை தனியாகப் பிழைத்து இனம் பெருக்க முடியுமானால் அதைத் தனி உயிராக எண்ணலாம். ஆகவே இலைக்கொத்தை அலகாக வைப்பது சரி. அழியும் நிலையில் உள்ள செடியை எண்ணுவதற்காகத் தோண்டுவது அபத்தமும்கூட. பூ அல்லது காய் உள்ள கொத்துகளைத் தனியாகவும் வெறும் இலைக்கொத்துகளைத் தனியாகவும் குறியுங்கள். சிவப்புப் பட்டியல் மதிப்பீட்டில் சேர்வது முதிர்ந்தவை மட்டும்.

இரண்டு நாட்காட்டிகளைப் பக்கத்தில் வையுங்கள்

ஒப்பீட்டின் உயிர்நாடி இந்தப் பகுதி. ஒரு தாளில் மாதங்களை வரிசையாக எழுதி, மேலே கீடஜடி, கீழே சடாமாஞ்சில் என்று இரண்டு கோடு போடுங்கள்.

கீடஜடி: பனி உருகும்போது கனியுடலம் தலைகாட்டும். மே, ஜூன் மாதங்கள் சேகரிப்புப் பருவம். உயரமான இடங்களில் ஜூலை வரை நீளும். கோடையின் பிற்பகுதியில் கனியுடலத்தின் மேல்பாதி சற்றுத் தடித்து, ஊசிமுனைத் துளைகள் போலக் குடுவை வடிவ அறைகள் உருவாகும். அவற்றுக்குள் நீண்ட பைகள். ஒவ்வொரு பையிலும் பெரும்பாலும் 2 முதல் 4 நூல் போன்ற ஸ்போர்கள் முதிரும். அவை சிதறித்தான் அடுத்த தலைமுறைப் புழுக்களைத் தொற்ற வேண்டும்.

சந்தையோ எதிர்த்திசையில் இழுக்கிறது. கனியுடலம் குட்டையாகவும் புழு உடல் கெட்டியாகவும் இருக்கும்போதுதான் விலை அதிகம். ஸ்போர் விடும் நிலையில் உடல் தளர்ந்து உள்ளீடற்றுப் போகும், விலை விழும். எனவே எடுக்கப்படுபவற்றில் பெரும்பங்கு இனம் பெருக்கும் முன்பே எடுக்கப்படுகிறது.

சடாமாஞ்சில்: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இளஞ்சிவப்பு மணிப்பூக்கள், ஐந்து இதழ் மடல், நான்கு மகரந்தத்தாள். செப்டம்பர், அக்டோபரில் விதை முதிரும். தண்டைத் தோண்ட உகந்த காலம் விதை உதிர்ந்த பின். கோடையிலேயே தோண்டினால் அந்த ஆண்டின் விதையும் போகும், வருங்கால ஆண்டுகளின் விதைகளும் சேர்ந்து போகும்.

இப்போது இரண்டு கோட்டிலும் ‘அறுவடை’ என்பதைச் சிவப்பில் போட்டுப் பாருங்கள். கீடஜடியில் எடுக்கப்படுவது ஏற்கெனவே செத்த புழுவும், அந்த ஆண்டு சிதற வேண்டிய ஸ்போர்களும். உயிருள்ள புழுக்களையோ அந்துப்பூச்சிகளையோ கீடஜடி சேகரிப்பவர்கள் எடுப்பதில்லை. அவை குறைந்தால் காரணம் மிதிபடுதல், புல்வெளி கெடுதல், விறகுக்காகப் புதர் வெட்டுதல், மாறும் தட்பவெப்பம் என்று வேறு இடத்தில் தேட வேண்டும். சடாமாஞ்சிலில் எடுக்கப்படுவது சேமிப்பு உறுப்பு, அதாவது செடியே.

காப்பு நடவடிக்கையும் இதிலிருந்து பிரிகிறது. கீடஜடிக்குப் பருவத்தைச் சீக்கிரம் மூட வேண்டும். பிந்தி எழுபவை ஸ்போர் விடட்டும். சடாமாஞ்சிலுக்குப் பருவத்தைத் தாமதமாகத் திறக்க வேண்டும், மொட்டுள்ள மேல்துண்டைத் திரும்ப நட வேண்டும், தோண்டிய சரிவைப் பல ஆண்டு ஓய்வில் விட வேண்டும். இரண்டுக்கும் ஒரே ‘சேகரிப்புக் காலம்’ அறிவித்தால் ஒன்றுக்குக் கட்டாயம் கேடு. இரண்டிலும் குழியை மூடிவிடுவது மட்டும் பொது.

களத்தில் எண்ணும் முறை

வனத்துறை அனுமதி, உள்ளூர்ச் சபையின் சம்மதம் இரண்டும் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.

100 மீட்டர் அளவுநாடாவைச் சரிவின் குறுக்காக விரியுங்கள். செடிக்கு: 0, 5, 10 என்று 95 வரை ஐந்து மீட்டருக்கு ஒன்றாக 1 × 1 மீட்டர் சதுரச் சட்டம், மொத்தம் 20. பூஞ்சைக்கு இந்தச் சட்டம் உதவாது. அடர்த்தி குறைவு என்பதால் இருபதிலும் பூஜ்யம் வந்து ‘இங்கே இல்லை’ என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதே நாடாவின் இருபுறமும் 2 மீட்டர் அகலத்தை, அதாவது 400 சதுர மீட்டரை, முழங்காலிட்டுத் தேட வேண்டும். நின்றபடி தேடினால் கிடைக்காது. விரலைவிட மெலிந்த பழுப்புக் குச்சி, காய்ந்த கோரைத் தாளோடு தாளாகக் கலந்திருக்கும். நுனி மட்டும் கொஞ்சம் தடித்து மழுங்கியிருப்பதுதான் அடையாளம்.

இருவர் தனித்தனியாகத் தேடி, கண்டதை நாடாவின் தூரத்தோடு குறிக்க வேண்டும்: ‘37.4 மீட்டர், இடப்பக்கம் 1.2’ என்பதுபோல. கொடி குத்தாதீர்கள், சேகரிப்பவருக்கு நீங்களே வழி காட்டியதாகிவிடும். கணக்குக்காக ஓர் எண் எடுத்துக்கொள்வோம். முதலாமவர் கண்டது 5, இரண்டாமவர் 4, இருவரும் கண்டது 3. வெவ்வேறாகக் கண்டது 6. தவறவிட்டதைச் சேர்க்க, (5+1) × (4+1) ÷ (3+1) − 1 = 6.5. அதாவது 100 சதுர மீட்டருக்குச் சுமார் 1.6. அதே கோட்டில் 20 சட்டங்களில் 34 இலைக்கொத்து இருந்தால் 100 சதுர மீட்டருக்கு 170. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதி ‘செடி நூறு மடங்கு அதிகம், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறது’ என்று முடித்தால் ஒப்பீடு அங்கேயே கெட்டது. எண்ணிக்கையை எண்ணிக்கையோடு ஒப்பிடாமல், ஒவ்வொன்றும் தன் பழைய எண்ணிக்கையிலிருந்து எவ்வளவு மாறியது என்பதை ஒப்பிடுங்கள்.

நேரமும் முக்கியம். சேகரிப்பு தொடங்கிய பிறகு பூஞ்சையை எண்ணினால் மற்றவர் விட்டுப்போன மிச்சத்தைத்தான் எண்ணுகிறீர்கள். பருவம் திறக்கும் முன் ஒருமுறை, மூடிய பின் ஒருமுறை எண்ணுங்கள். செடிக்கு அதே கோட்டுக்குப் பூக்கும் காலத்தில் தனியாக வர வேண்டும்.

வணிகக் கணக்கைப் படிப்பதில் உள்ள பொறிகள்

நேபாளம் 2001இல் யார்சகும்பா சேகரிப்புத் தடையை நீக்கியது. பூட்டான் 2004இல் சட்டபூர்வமாக்கியது. அந்தந்த ஆண்டுக்குப் பின் பதிவேட்டில் எண் ஏறுவது இயல்பு. அதை விளைச்சல் பெருக்கம் என்று படிக்கக் கூடாது.

அடுத்தது நுட்பமானது. 100 பேர் 30 நாளில் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 வீதம் எடுத்தால் 30,000. சில ஆண்டு கழித்து 250 பேர், 30 நாள், ஆளுக்கு 4: அதுவும் 30,000. மொத்தத்தை மட்டும் பார்ப்பவர் மாற்றமில்லை என்பார். தலைக்கணக்கு பார்ப்பவர் 60 சதவீதச் சரிவு என்பார். இரண்டு பேரும் அவசரப்படுகிறார்கள். இருப்பு மாறாமலே, ஆள் கூடினால் தலைக்குக் குறையத்தான் செய்யும். உண்மையைக் காட்டுவது பருவத்துக்குள் நாள்வாரிச் சரிவு: முதல் வாரம் கிடைத்தது எத்தனை, கடைசி வாரம் எத்தனை, எவ்வளவு பரப்பில்? முன்பு நான்கு வாரத்தில் தீர்ந்த மலைச்சரிவு இப்போது இரண்டு வாரத்தில் தீர்கிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் சேகரிப்பவர்களிடம் தெளிவான பதில் இருக்கும்.

சடாமாஞ்சிலில் பொறி எடையில் இருக்கிறது. கிலோ மாறாமல் இருக்க, துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகலாம். உலர்ந்த ஒரு கிலோவில் எத்தனை துண்டு என்பதை ஆண்டுதோறும் எண்ணிவையுங்கள். ஊரிலிருந்து தோண்டும் இடத்துக்கு எத்தனை மணி நேரம் நடக்கிறார்கள் என்பதையும் சேருங்கள். கீடஜடியில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 2,000 முதல் 4,000 வரை நிற்கும். கிலோவை எண்ணிக்கையாக்கும்போது அந்தந்தச் சரக்கின் மாதிரியை எடைபோட்டே மாற்றுங்கள்.

சிவப்புப் பட்டியல் நிலையைச் சரியாக வாசிப்பது

சடாமாஞ்சில் ‘மிக அருகிய இனம்’. கீடஜடி 2020இல் ‘அழிவாய்ப்பு இனம்’ என்று சேர்க்கப்பட்டது. 15 ஆண்டுகளில் குறைந்தது 30 சதவீதம் சரிந்திருக்கிறது என்ற மதிப்பீடு அதற்கு அடிப்படை. இரண்டு நிலைகளும் சரிவின் வேகத்தை வைத்து வந்தவை. காரணம் இன்னும் நீங்காத சரிவுக்கு, 10 ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அந்தக் காலத்தில் 30 சதவீதம் குறைந்தால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகிய, 80 என்றால் மிக அருகிய இனம். ஆகவே ‘சடாமாஞ்சில் கீடஜடியைவிட அரிதானது’ என்று இதிலிருந்து எழுத முடியாது. ‘வேகமாகக் குறைந்ததாக மதிப்பிடப்பட்டது’ என்று எழுதலாம்.

இன்னொரு சாய்வையும் குறிப்பிட்டே ஆக வேண்டும். 2025 மார்ச்சில்தான் சிவப்புப் பட்டியலில் பூஞ்சைகளின் எண்ணிக்கை 1,300ஐ எட்டியது. விவரிக்கப்பட்ட பூஞ்சைகளோ 1,50,000க்கு மேல். பட்டியலில் ஒரு பூஞ்சை இல்லை என்றால் பெரும்பாலும் யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருள், நலமாக இருக்கிறது என்று பொருளல்ல.

சட்டப் பத்தியில் சுருக்கமாக: சடாமாஞ்சில் 1997 முதல் சைட்டிஸ் இரண்டாம் இணைப்பில், விதை, மகரந்தம், சில்லறை விற்பனைக்குப் பொதியிட்ட முடிவுப் பொருள் தவிர மற்றவற்றுக்கு எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு வேண்டும். கீடஜடி சைட்டிஸ் பட்டியலில் இல்லை; அந்தந்த நாட்டு விதிகள்தான்.

சந்தை மாதிரியை வைத்து ஒப்பிடுவதாக இருந்தால்

மலைக்குப் போக முடியாதவர்கள் உலர்ந்த மாதிரியை வைத்துச் செய்வார்கள். முதலில் அது அதுதானா என்று பாருங்கள். அசல் கீடஜடியில் புழு உடல் 3 முதல் 5 செ.மீ. நீளம், குறுக்கே 20 முதல் 30 வளையங்கள், எட்டு ஜோடிக் கால்கள். நடுவில் உள்ள நான்கு ஜோடி மட்டும் தெளிவாகத் தெரியும். கனியுடலம் தலையிலிருந்து கிளம்ப வேண்டும், முதுகிலிருந்தோ பக்கத்திலிருந்தோ அல்ல. உடைந்த துண்டுகளை ஒட்டவும், எடை கூட்டவும் உள்ளே குச்சியோ கம்பியோ செருகுவது உண்டு. குறுக்கே ஒடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். புழுவே இல்லாமல் ஆரஞ்சு நிற இழைகளாக விற்கப்படுவது பெரும்பாலும் வளர்ப்பில் எளிதாக வரும் கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம். மாத்திரை டப்பாவில் ‘கார்டிசெப்ஸ்’ என்று மட்டும் இருந்தால் அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள்.

சடாமாஞ்சில் துண்டு விரல் தடிமனில், செம்பழுப்பு நார் அடர்ந்து மூடியிருக்கும். அந்த நார் வேர் அல்ல, பழைய இலைக்காம்புகளின் எச்சம். நாரை விலக்கினால் உள்ளே மெலிந்த செம்பழுப்புத் தண்டு. மணம் கனமானது, கையில் நெடுநேரம் நிற்கும். செலினம் இனத்து வேர்களை இதன் பெயரில் கலப்பது உண்டு. மணத்தை மட்டும் நம்பாமல் குறுக்குவெட்டை உருப்பெருக்கியில் பாருங்கள். வளர்ப்புச் சரக்கா, காட்டுச் சரக்கா என்பதையும் கேட்டுக் குறியுங்கள். இரண்டும் கலந்த மாதிரியில் காட்டு இனத்தின் நிலை பற்றி எதுவும் சொல்ல முடியாது.

வெளியிடும்போது இடத்தின் துல்லிய ஆயத்தொலைவைக் கொடுக்காதீர்கள். 0.1 டிகிரிக்கு முழுமைப்படுத்தினால் வடக்கு தெற்காகச் சுமார் 11 கிலோமீட்டர் மங்கலாகும். ஆய்வாளருக்கு அது போதும், தோண்ட வருபவருக்குப் போதாது. படங்களில் பதிந்திருக்கும் ஜி.பி.எஸ். குறிப்பையும் நீக்குங்கள், பின்னணியில் அடையாளம் தெரியும் சிகரமோ பாலமோ இருந்தால் அந்தப் படத்தை விட்டுவிட்டு வேறு படம் போடுங்கள். முழு ஆயத்தொலைவு உள்ள மூலத்தாள் அனுமதி கொடுத்த வனத்துறை அலுவலகத்திலும் உங்களிடமும் மட்டும் இருக்கட்டும்.